காம்பு கணக்கில் வராது

எங்கள் தெருவில் நடக்கும் நீள மிளகாய்ப் போட்டியில் மிளகாயை அளக்கும்போது காம்பு கணக்கில் வராது. காம்பு முடிந்து காய் தொடங்கும் தோளிலிருந்து நுனி வரைக்கும்தான் அளவு. காயைப் பலகையில் வைத்தால் அது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே விட வேண்டும். இழுத்து நிமிர்த்தக் கூடாது, விரலால் அழுத்தக் கூடாது. வளைந்த காய் என்றால் வளைவோடு டேப்பை ஓட்டக் கூடாது, தோளுக்கும் நுனிக்கும் நேர்கோட்டில் என்ன தூரமோ அதுதான். பச்சையாக இருக்க வேண்டும், சிவப்பு ஏற ஆரம்பித்த காய் செல்லாது. பறித்த அன்றே அளக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதை எழுதிய நோட்டும் வருஷா வருஷம் அளந்த கணக்கும் என்னிடம்தான் இருக்கின்றன.

போட்டி என்றதும் பந்தல், மேடை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் தெற்கே லாஸ் குரூசஸ் என்று ஓர் ஊர். அதை ஒட்டிய மெசீயா பள்ளத்தாக்கில், ரியோ கிராண்டே ஆற்றுப் பாசனத்தில் எங்கள் தெரு இருக்கிறது. பின்னால் பெக்கன் என்ற கொட்டை மரத் தோப்பு, முன்னால் மண் ரோடும் ஒரு வாய்க்காலும். எங்கள் முறை வரும் நாளில் மடையைத் திறந்து கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம். பரமக்குடிப் பக்கத்தில் வைகைத் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். கடல் தாண்டி வந்த ஊரிலும் முறைத்தண்ணீரும் மடையும் இருந்ததால் இந்த மண் எனக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டு வாசலில் கூடுவோம். வீட்டுக்கு ஒரு காய். நீளமான காய் ஜெயிக்கும். கோப்பை கிடையாது, பணமும் கிடையாது. ஜெயித்தவருக்கு ஒரு வேலை மட்டும் கிடைக்கும். அந்தச் செடியின் விதையை எடுத்து, காய வைத்து, ஜனவரிக்குள் எல்லா வீட்டுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் போட்டியே அந்தப் பொட்டலத்துக்காகத்தான்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டில் இருப்பவர் எண்பதைத் தாண்டிய அம்மாள். ஸ்பானிஷ் பேசும் குடும்பம், தலைமுறை தலைமுறையாக இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருப்பவர்கள். தெருவே அவரை ‘அபுவேலா’ என்றுதான் கூப்பிடும், பாட்டி என்று அர்த்தம். அவருக்கு நான் ‘மீஹா’, அதாவது மகள். சின்ன வயதில் ஹாட்ச் ஊர் வயல்களில் கூலிக்கு மிளகாய் பறித்தவர். இன்றைக்கும் ஒரு செடியைப் பார்த்ததும் அதற்குத் தண்ணீர் எப்போது விட்டார்கள் என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் ஈரோட்டுத் தம்பி ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். நிலம் இல்லாததால் பெயின்ட் வாளிகளில் வளர்க்கிறார். தெருக்கோடி வீட்டில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். சொட்டுநீர்க் குழாய், மண்ணில் குத்தி வைக்கும் வெப்பமானி, கணினியில் அட்டவணை என்று எல்லாம் வைத்திருப்பார். இன்னும் நான்கைந்து வீடுகள் உண்டு. அதில் ஓர் ஆசிரியத் தம்பதி வீட்டில் பெக்கன் மர நிழல் விழும், காய் நீளாது. ஆனாலும் தவறாமல் ஒரு காயைக் கொண்டுவருவார்கள். அந்த அக்கறைக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

என்ன மிளகாய் என்று சொல்லவில்லையே. எல்லோரும் வளர்ப்பது ‘பிக் ஜிம்’. நம் ஊரில் பஜ்ஜி மிளகாய் என்று விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட நீளம், அகலம், சதைப்பற்று. காரம் மிதமானது. எட்டு, ஒன்பது அங்குலம் எல்லாம் சாதாரணம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓர் அடி வரும், அதற்கு மேலும் போகும். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மிளகாய் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய இனம் இது.

இந்த இனம் பிறந்ததே இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான். அந்தக் கதையை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. முதலில் ஃபாபியான் கார்சியா என்ற மனிதர். மெக்ஸிகோவில் பிறந்து, பெற்றோரை இழந்து, பாட்டியோடு சின்னப் பிள்ளையாக இந்தப் பக்கம் வந்தவர். அப்போது வேளாண் கல்லூரியாக இருந்த இன்றைய நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1894ல் பட்டம் வாங்கிய முதல் அணியில் ஒருவர். அந்தக் காலத்தில் இங்கே விளைந்த மிளகாயில் ஒரு காய் மாதிரி இன்னொரு காய் இருக்காது. நீளமும் வேறு, காரமும் வேறு. டின்னில் அடைப்பவர்களுக்கும் சரி, வீட்டில் சுட்டு உரிப்பவர்களுக்கும் சரி, அது பெரிய தொல்லை. கார்சியா உள்ளூர் வகைகளை வருஷக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கி, 1921ல் ‘நியூ மெக்ஸிகோ நம்பர் 9’ என்ற இனத்தை வெளியிட்டார். இன்றைக்கு இந்த மாநிலத்தில் விளையும் நீள மிளகாய்க்கெல்லாம் வழிகாட்டி அதுதான்.

அவருக்குப் பின்னால் ராய் நாகயாமா. ஜப்பானியப் பெற்றோருக்கு இந்த மாவட்டத்திலேயே பிறந்த விவசாயி வீட்டுப் பையன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சண்டை போட்டு ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். திரும்பி வந்து படித்து, அதே பல்கலைக்கழகத்தில் மிளகாய் ஆராய்ச்சியில் இறங்கினார். பெரு நாட்டு மிளகாய் ஒன்றையும் உள்ளூர் வகைகளையும் கலந்து, 1975ல் அவர் வெளியிட்டதுதான் பிக் ஜிம். ஹாட்ச் ஊர் விவசாயி ஜிம் லைட்டில் என்பவர் தன் நிலத்தில் இதை வளர்த்துக் கொடுத்தார். பெயரும் அவர் பெயர்தான். காய் பெரிதாக இருந்தால் பறிப்பவர் கைக்கு வேலை குறைவு. சுட்டு உரிப்பதும் எளிது. நீளம் என்பது இங்கே வேடிக்கைக்காக வந்த குணம் இல்லை. அபுவேலா சொல்வார், “குட்டை மிளகாய் பறித்த காலத்தில் சாக்கு நிரம்பவே நிரம்பாது, மீஹா” என்று.

பிக் ஜிம்முக்கு ஒரு குணம் உண்டு. ஒரே செடியில் ஒரு காய் சப்பென்று இருக்கும், அடுத்த காய் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். பல வருஷம் விதை கைமாறிக் கைமாறி இனமும் கொஞ்சம் தளர்ந்துபோயிருந்தது. பல்கலைக்கழகத்தின் மிளகாய் ஆய்வு நிலையம் 2013ல் அதைச் சீர்செய்து ‘ஹெரிட்டேஜ் பிக் ஜிம்’ என்று வெளியிட்டது. அசாம் பக்கத்து பூத் ஜோலோகியா மிளகாயின் காரம், ஸ்கோவில் என்ற கார அளவில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது என்று 2007ல் உலகத்துக்குச் சொன்னவர்களும் இதே நிலையத்துக்காரர்கள்தான். உலகம் காரத்தின் பின்னால் ஓடுகிறது. எங்கள் தெருவில் யாரும் இதுவரை காரத்தை அளக்கச் சொன்னதில்லை.

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஜனவரி கடைசியில் வீட்டுக்குள் விதை போடுவோம். தட்டுக்கு அடியில் சூட்டுப் பாய், மேலே விளக்கு. மிளகாய் விதைக்குக் கீழ்ச்சூடு வேண்டும், இல்லாவிட்டால் முளைக்க மாதக்கணக்கில் யோசிக்கும். ஏப்ரல் நடுவில் உறைபனி பயம் போனதும் நாற்றை வெளியே நடலாம். ஆனால் இங்கே வசந்த காலத்தில் பனியைவிடக் காற்றுதான் எதிரி. மணலை வாரி அடிக்கும் காற்று. இளம் தண்டை ஒரே மத்தியானத்தில் திருகிப் போட்டுவிடும். பால் கேனின் அடியை வெட்டி ஒவ்வொரு நாற்றின் மேலும் கவிழ்ப்போம். காற்று ஓய்ந்ததும் அதை எடுத்துவிட்டு மெல்லிய வெள்ளைத் துணியால் மூட வேண்டும். ஒரு வகைத் தத்துப்பூச்சி, பீட் செடிகளில் வரும் சுருட்டு நோயை மிளகாய்க்கும் கொண்டுவந்துவிடும். இலை மேல்பக்கமாகச் சுருண்டு, வெளிறி, தடித்து நிற்கும். அதற்கு மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கத்தான் வேண்டும்.

செடி முழங்கால் உயரம் வருவதற்குள் முதல் கவட்டையில் ஒரு பூ பூக்கும். தண்டு இரண்டாகப் பிரியும் இடம் அது. நட்டு ரொம்ப நாள் ஆகியிருக்காது, இலை பத்துப் பதினைந்துதான் இருக்கும், அதற்குள் வெள்ளையாக ஒரு பூ தலைகுனிந்து நிற்கும். அதைக் கிள்ள வேண்டும். ஈரோட்டுத் தம்பிக்கு முதல் வருஷம் அதைக் கிள்ள மனசே வரவில்லை. “அக்கா, முதல் பூக்கா, பாவம்க்கா” என்றார். நான்தான் கிள்ளிப் போட்டேன். கட்டைவிரல் நகத்தால் பூக்காம்பின் கணுவில் அழுத்தினால் டக்கென்று வந்துவிடும், தண்டில் காயமே படாது. அந்தப் பூவை விட்டால் செடி தன் பலத்தையெல்லாம் அதில் போட்டுவிட்டு, வளராமல் நின்றுவிடும். வேரும் இலையும் பெருக வேண்டிய நேரத்தில் பிள்ளை பெறச் சொல்லக் கூடாது.

செடி பெரிதான பிறகு, இரண்டாவது மூன்றாவது கவட்டைகளில் வரும் பூக்களைப் பிஞ்சாக விடுவோம். பிஞ்சு விரல் நீளம் வந்ததும், நேராகத் தொங்குகிறதா, தோள் அகலமாக இருக்கிறதா என்று பார்த்து ஐந்தாறை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பறித்துவிடுவோம். பறித்த பிஞ்சு வீணாகாது, மோர்மிளகாய்க்குப் போகும். இந்த வெயிலில் இரண்டே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். கோடி வீட்டுக்காரர் இப்போது என்னிடம் அதற்கென்றே ஒரு டப்பா கொடுத்து வைத்திருக்கிறார்.

பூ உதிர்ந்து ஐந்தாறு வாரத்துக்குள் நீளம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு காய் நீளாது, சதைதான் கனக்கும். அதனால் அந்த ஐந்தாறு வாரத் தண்ணீர்தான் போட்டியையே முடிவு செய்கிறது. ஒரு நாள் காயப் போட்டு மறுநாள் வெள்ளமாக விட்டால் காயின் நுனியில் ஒரு பழுப்புத் தழும்பு விழும். தொட்டால் முதலில் ஈரத்தோல் மாதிரி வழுவழுவென்று இருக்கும், நாலு நாளில் காகிதமாகக் காய்ந்து, அங்கே பூஞ்சை கறுப்பாக ஏறும். நுனி போனால் நீளம் போயிற்று. நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வரும் கோளாறு இது. இதற்காக முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடச் சொல்லி ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எங்கள் மண்ணில் கடப்பாரை போட்டால் ஓரடி ஆழத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை டங்கென்று மோதும். இந்த மண்ணுக்கு முட்டை ஓடு எதற்கு? சத்து மண்ணில் இருக்கிறது, அதை நுனிவரை சுமந்துபோகத் தண்ணீர் தவறாமல் வேண்டும், அவ்வளவுதான். கோடி வீட்டுக்காரரும் நானும் இதைப் பற்றி வாய்க்கால் கரையில் நின்று நிறைய வாதாடியிருக்கிறோம். அவர் ஓடு போட்ட பாரிலும் போடாத பாரிலும் நுனியழுகல் ஒரே அளவில் வந்ததை அவர் அட்டவணையே காட்டியது. அதன் பிறகு வைக்கோல் பரப்பி மண் ஈரத்தைக் காப்பாற்றத் தொடங்கினார், நுனியழுகல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

ஜூனில் வெயில் நூறு டிகிரிக்கு மேல் போகும்போது பூ நிற்காது. காலையில் பார்த்தால் செடிக்குக் கீழே மஞ்சள் காம்போடு உதிர்ந்து கிடக்கும். ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் இன்னும் மோசம். அதனால் ஜூனுக்கு முன்னால் பிடித்த பிஞ்சுதான் போட்டிக்கு உதவும். ஜூலையில் பருவமழை வந்ததும் செடி மறுபடி சிரித்துப் பூக்கும். ஆனால் அந்தக் காய் ஆகஸ்ட் கடைசிக்குள் நீளம் பிடிப்பது சந்தேகம்.

பருவமழையோடு இன்னோர் ஆபத்தும் வரும். தண்ணீர் தேங்கினால் வேரழுகல். நேற்று மாலை தளதளவென்று நின்ற செடி, காலையில் ஓர் இலைகூட உதிராமல், பச்சை மாறாமல் அப்படியே துவண்டு நிற்கும். இலையைப் பார்த்தால் தண்ணீர்த் தாகம் மாதிரித் தெரியும். பதறிப்போய்த் தண்ணீர் விட்டால் பக்கத்துச் செடியும் போகும். இங்கே விவசாயிகள் மிளகாயை உயரமான பாரில் நடுவது இதனால்தான். எங்கள் அப்பாவும் பார் போட்டுத்தான் நடுவார். மழையை நம்பிய கரிசல்காட்டிலும் ஒரு பெருமழைக்குப் பயந்து.

இனி காய் தொங்கும் விஷயம். நீளத்துக்கு விதை வேண்டும், நேராக வர இடம் வேண்டும். பிஞ்சின் நுனி மண்ணைத் தொட்டாலும், கீழ்க்கிளையில் மோதினாலும், அது வளைந்துகொண்டு போகும். வளைந்தால் எங்கள் விதிப்படி நீளம் குறையும். ஆகவே கிளைகளைக் கம்பில் தூக்கிக் கட்டுவோம். பிக் ஜிம் கிளை சட்டென்று முறியும் ஜாதி. இரண்டு பெரிய காய் ஒரே பக்கம் தொங்கினால் கவட்டையிலேயே பிளந்துவிடும். பழைய பருத்திச் சேலைக் கிழிசலை எட்டு வடிவில் போட்டுக் கட்டினால் தண்டு அறுபடாது. தெருவில் எல்லா வீட்டுச் செடியும் இப்போது என் சேலையில்தான் நிற்கிறது.

அளவு, விதி எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் விதை. முன்பெல்லாம் ஜெயித்த காயின் விதையையே எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பச்சைக்காயின் விதை முற்றியிருக்காது, முளைப்பும் சரியாக வராது. அப்பா வீட்டுக்கு விதை எடுப்பது நினைவுக்கு வந்தது. களத்தில் காய்ந்து கிடக்கும் வத்தல் குவியலில் பெரிய பழமாகப் பார்த்துப் பொறுக்க மாட்டார். பழம் செடியில் நிற்கும்போதே தோட்டத்துக்குள் நடந்து, எந்தச் செடி நோய் இல்லாமல், எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி காய்த்திருக்கிறதோ அதன் தண்டில் ஒரு நூலைக் கட்டுவார். நூல் கட்டிய செடியின் பழம் தனியாகக் காயும். எங்களுடையது முண்டு மிளகாய், நெல்லிக்காய் அளவு உருண்டை. ராமநாதபுரம் முண்டுக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அப்பா நூல் கட்டிய செடிகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

ஒரு செடியின் எல்லாக் காய்க்கும் தாய் அந்தச் செடிதான். ஒரு காய் நீளமாக வந்தது வெயில், தண்ணீர், இடம் எல்லாம் சேர்ந்த அதிர்ஷ்டமாக இருக்கலாம். செடி முழுக்க நீளமாகக் காய்த்தால் அது விதையின் குணம். ஆகவே நான் சொன்ன மாற்றம் இது: பரிசு காய்க்கு, விதைப் பொறுப்பு செடிக்கு. போட்டியில் இருக்கும் ஒவ்வொரு செடியிலும் இரண்டு காயைப் பழுக்க விட்டுவிட வேண்டும். அதைப் பறித்து விதை எடுப்பது அக்டோபரில்.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும்தான், ஆனால் தேனீக்கு வேலி கிடையாது. தெருவில் பாதிப் பேர் ஹாலபேன்யோ என்ற குட்டைத் தடி மிளகாயும் வளர்க்கிறார்கள். அந்த மகரந்தம் பிக் ஜிம் பூவில் விழுந்தால் அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது, காயின் சதையெல்லாம் தாய்ச்செடியுடையது. விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருஷம்தான் முகத்தைக் காட்டும். ஒரு கோடையில் ஏழெட்டு வீட்டிலும் ஒரே மாதிரி, மொட்டை நுனியோடு குட்டையாக, குண்டுக் குண்டாகக் காய்த்ததே, அது இப்படி வந்ததுதான். சுவை அருமையாக இருந்தது. அபுவேலா அதன் விதையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் போட்டிக்கு உதவாது.

இப்போது விதைக்கு விடும் மொட்டுகளை, விரிவதற்கு முன்பே, சல்லாத்துணிச் சுருக்குப் பையால் மூடிவிடுகிறோம். நகைக்கடையில் மோதிரம் போட்டுத் தருவார்களே, அந்த மாதிரிப் பை. உள்ளே பூ விரிந்ததும் காலையில் கிளையை ரெண்டு தட்டுத் தட்ட வேண்டும். மகரந்தம் உதிர்ந்து காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டுவோம். நூல் கட்டிய காயை யாரும் சமையலுக்குப் பறிக்கக் கூடாது. தெருப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

இந்த வருஷப் போட்டியைச் சொல்கிறேன். அபுவேலா வீட்டு ரொட்டிப் பலகையைத் துடைத்துப் போட்டோம். தையல் டேப் நீண்டு ஏமாற்றும் என்பதால் இரும்பு ஸ்கேல்தான். முதலில் ஆசிரியத் தம்பதி, 8½ அங்குலம். அவர்கள் நிழலுக்கு அது பெரிய சாதனை, எல்லோரும் மனசாரக் கைதட்டினோம். என்னுடையது 11¾. அபுவேலாவுடையது 12¼, அம்பு மாதிரி கூர்மையான நுனி, மெழுகு தேய்த்த பளபளப்பு. அடுத்து கோடி வீட்டுக்காரர் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்தார். ஒரு கணம் யாரும் பேசவில்லை. அவ்வளவு பெரிய மிளகாயை எங்கள் தெரு பார்த்ததில்லை. தோள் என் நாலு விரல் அகலம். ஆனால் நடுவில் ஒரு வளைவு. வளைவோடு ஓட்டினால் 13 தாண்டும், நேர்கோட்டில் 11½. அவர் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “பதினொன்றரை என்று எழுதுங்கள்” என்றார். நேர்கோட்டு விதியைக் கொண்டுவந்ததே அவர்தான்.

கடைசியில் ஈரோட்டுத் தம்பி. வாளிகளைக் கான்கிரீட் கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தார். மற்ற எங்கள் செடிகளில் காய் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கும்போது, அவருடையது அந்தரத்தில் எதிலும் படாமல் தொங்கியது. செடிக்கு நாலே காய்தான் விட்டிருந்தார், வாளி மண்ணுக்கு அதுதான் கட்டும். காலையும் மாலையும் சொம்பால் அளந்து ஊற்றுவார், ஊருக்குப் போனால் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். பலகையில் வைத்தபோது காய் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, அப்படி ஒரு நேர். 12½. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அபுவேலாவே குனிந்து பார்த்து, ஸ்பானிஷில் ஏதோ சொல்லி அவர் கன்னத்தைப் பிடித்தார். தம்பி அன்றைக்கே ஈரோட்டுக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் காயைக் காட்டினார். “இவ்வளவு பெருசா? காரமே இருக்காதேடா” என்று அந்த அம்மா கேட்டது தெருவுக்கே கேட்டது.

அளந்து முடிந்ததும் சுடுகிற வேலை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இந்த ஊரில் எந்தக் கடை வாசலுக்குப் போனாலும், கம்பிவலைப் பீப்பாயில் பச்சை மிளகாயைப் போட்டு, கேஸ் நெருப்பில் சுழற்றிச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். தோல் படபடவென்று வெடித்துக் கருகும் அந்த வாசனையை 2023ல் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ வாசனையாகவே சட்டம் போட்டு அறிவித்திருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் ‘சிவப்பா, பச்சையா’ என்று கேட்பதையும் மாநிலக் கேள்வியாக அறிவித்தவர்கள்தானே. நாங்கள் வாசலில் கரி அடுப்பு மூட்டிச் சுடுவோம். சுட்டதை மூடிப் போட்டு வேர்க்க விட்டால் தோல் தானாகக் கழன்று வரும். அபுவேலா அதில் பாலாடைக் கட்டியை அடைத்து, அடித்த முட்டையில் தோய்த்து, எண்ணெயில் பொரிப்பார். ரெயேனோ என்று பெயர். பெரிய காய்க்காக இங்கே எல்லோரும் பிக் ஜிம் தேடுவது முக்கியமாக இதற்குத்தான். நான் சுடாத காயைக் கீறி, விதையை எடுத்துவிட்டு, புளியும் உப்பும் ஓமமும் தடவி, கடலை மாவில் முக்கிப் பஜ்ஜி போடுவேன். வாணலியில் முழுக்காய் கொள்ளாது, குறுக்கே இரண்டாக வெட்டித்தான் போட வேண்டும். இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் காலியாகும். எது முதலில் காலியாகும் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, அபுவேலாவும் அப்படித்தான்.

தம்பி ஆராய்ச்சியை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறார். வேலை எந்த மாநிலத்தில் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் சிவப்பு நூல் கட்டிய இரண்டு காயும் அந்த வாளிச் செடியில் பழுத்துக்கொண்டிருக்கின்றன. பனிக்கு முன்னால் வாளியை உள்ளே தூக்கி வைத்துவிடலாம் என்பது ஒரு வசதி. விதையை எடுத்து, தட்டில் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, வருஷத்தையும் 12½ என்பதையும் மேலே எழுதி என்னிடம் தந்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு பொட்டலம் அவரோடு போகும். போகிற ஊரில் வளர்த்து ஆகஸ்ட் கடைசியில் ஸ்கேலோடு படம் எடுத்து அனுப்பினால் கணக்கில் சேர்ப்பதா என்று அபுவேலாவிடம் கேட்டேன். பறித்த அன்றே இந்தப் பலகையில் அளப்பதுதான் விதி என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கோடி வீட்டுக்காரர் அடுத்த வருஷம் எடைக்கும் ஒரு பரிசு வேண்டும் என்கிறார். அவருடைய காயைத் தராசில் வைத்தபோது தம்பியுடையதைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. நீளத்தை மட்டும் பார்த்து விதை எடுத்துக்கொண்டே போனால் சதை மெலிந்துவிடும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, உரித்த பிறகு கையில் நிற்பது சதைதானே. நான் அவர் பக்கம். அபுவேலா இன்னும் பதில் சொல்லவில்லை. ஜனவரியில் விதை போடுவதற்கு முன் பேசி முடிக்க வேண்டும். இப்போதைக்குக் கோடி வீட்டுக்காரர் செடியில் சிவப்பு நூல் கட்டிய இரண்டு காயையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.